தீயிலிருந்து வந்த சீமைப் படம்

எழுபதுகளின் கடைசியில் என் தங்கச்சி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தாள். அங்கே காவல்காரர் ஒருவர் இருந்தார். ஒல்லி ஆள், இடது கண்ணில் பூ விழுந்திருக்கும்.

முதலாளி அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் நீர்வண்ணத்தில் வரைந்த இங்கிலாந்துப் பழைய ஊர். ஆறு, கல்பாலம், சர்ச் கோபுரம், மழை மேகம். காவல்காரர் தினமும் அதன் கண்ணாடியைத் துண்டால் துடைப்பார். பாலத்தில் எறும்பளவில் நடக்கும் ஆட்களை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

ஆபீஸில் தீப்பிடித்த அன்று உள்ளே ஓடியவர் அந்தப் படத்தோடு வெளியே வந்தார். தங்கச்சி வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவரை அடிக்கத்தான் போனேன்.

"உள்ள போனீரே, ஒரு பிள்ளையையாவது இழுத்துட்டு வந்தா என்னவே? மொதலாளி படத்தத் தூக்கச் சொன்னாரோ?"

"யாரும் சொல்லல தம்பி. பிள்ளையளத் தேடித்தான் போனேன். ஒரே பொகை. கைக்கு ஆப்பிட்டதப் பிடிச்சிக்கிட்டு ஓடியாந்தேன். வெளிய வந்து பாத்தாத்தான் தெரியுது, படம்னு."

அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையாலேயே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சூடுகூடத் தெரியவில்லை.

அவர் சொன்னதை நான் நம்பினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.