நாலாம் நாள் தோசை

பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும் தங்கபுஷ்பத்துக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதனைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாய், கடை ஆட்களுக்கும் சேர்த்து மூணு வேளையும் வடித்துக் கொட்டுகிறவள். ஆபரேஷன் என்றால் ஒரு மாசமாவது படுக்கலாமே!

அந்த ஆசையில் டாக்டர் மண்ணள்ளிப் போட்டார். "வயித்தைக் கிழிக்கிறதெல்லாம் இப்ப அபூர்வம்மா. தொப்புள் வழியா ஒரே துளை போடலாம், தழும்பு வெளிய தெரியாது. இல்லேன்னா நாலு சின்னத் துளை. வலியும், குணமாகிறதும் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம். கனம் மட்டும் தூக்கக் கூடாது."

"ஒரே துளையே போடுங்க டாக்டர்," சிதம்பரநாதன் முந்திக்கொண்டார். "என் தம்பி பொண்டாட்டி மதுமதிக்குப் போன வருஷம் அப்படித்தான். நாலாம் நாளே கல்லாவுல வந்து உக்காந்துட்டா."

"எனக்கு நாலு துளை" என்றாள் தங்கபுஷ்பம். நாலு தழும்பைப் பார்த்தாவது யாராவது 'பாவம்' என்று சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசை.

யார் பார்த்தார்கள்? ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தோள்பட்டை வலி உயிரை எடுத்தது. "வயித்துல ஆபரேஷன், தோள்ல வலியா? நல்லாத்தான் நடிக்கே" என்றார் சிதம்பரநாதன். அவருக்குத் தீபாவளி வியாபாரம். நாலாம் நாள் காலையில் அவள் தோசைக்கல் முன்னால் நின்றாள். வேறு என்ன செய்வாள்? கோபமெல்லாம் மதுமதி மேல் வந்தது. மகராசி, எதற்கு அவ்வளவு சீக்கிரம் எழுந்து தொலைத்தாள்?

மாவுச் சட்டியைத் தூக்கித் தர வந்த மதுமதி அவள் தோளைத் தடவினாள். "வயித்துல காத்தை அடைச்சுத்தானேக்கா ஆபரேஷன் பண்ணுதாங்க, அதுதான் தோள்ல வலிக்கும். நானும் தலையணையில மூஞ்சியப் புதைச்சு அழுதேன்."

"பின்ன எதுக்குளா கடைக்குப் போன?"

"பெரிய மதினிக்கு இதே ஆபரேஷன் ஆனப்ப மூணாம் நாளே எழுந்துட்டாங்கன்னு உங்க வீட்டு அத்தான்தானே சொன்னாங்க."

அந்தப் பெரிய மதினிதான், சிதம்பரநாதனின் அக்கா, அப்போது கே.கே. நகரிலிருந்து போன் போட்டிருந்தாள். அவள் மருமகள் கீர்த்திக்கு அடுத்த வாரம் இதே ஆபரேஷன். கூடத்தில் சிதம்பரநாதன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "பயப்பட ஒண்ணுமில்லக்கா. இந்தா, எங்க வீட்ல நாலாம் நாளே தோசை ஊத்துதா. கீர்த்தி சின்னப் பிள்ளை, அதுக்கு முந்தியே எழுந்துருவா."

தங்கபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலாவைப் பிடித்தபடி போய் போனைப் பிடுங்கினாள். "மதினி, கீர்த்திகிட்ட குடுங்க. கீர்த்தி, வலிக்கும்மா. தோள்கூட வலிக்கும். வலிச்சா வாய்விட்டுச் சொல்லு. அத்தை நாலாம் நாளே எந்திரிச்சாங்கன்னு எவராவது சொன்னா, அத்தை எந்திரிக்கல, எழுப்பிட்டாங்கன்னு சொல்லு."

சிதம்பரநாதன் போனை வாங்கி வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி, தோசை கருகுது பாரு."

அவள் போய்த் திருப்பிப் போட்டாள்.