கம்பளிச் சட்டையில் பத்துத் துளி யூக்கலிப்டஸ்

எங்கள் வீட்டில் இரண்டு வைத்தியர்கள். ஒருவர் என் மனைவி. முறையாகப் படித்து, தாதிச் சான்றிதழ் வாங்கி, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மற்றவர் நான். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன். ஒரு போத்தல் யூக்கலிப்டஸ் எண்ணெயைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாதவன். வீட்டில் யாராவது தும்மினால் எந்த வைத்தியர் முந்திக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

தடிமன், சளி என்றால் நெஞ்சில், தலையிடி என்றால் நெற்றியில், சுளுக்கு என்றால் சுளுக்கின இடத்தில். வயிற்றுவலிக்கு என்ன செய்வது என்று தெரியாதபோதும் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம். ஒருநாள் வீட்டில் இணையம் நின்றுபோனது. நான் அந்தப் பெட்டியின் வயர்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கதவடியில் நின்று, "இஞ்சேருங்கோ, அதுக்கும் ரெண்டு துளி விட்டுப் பாருங்கோவன்" என்றாள். படித்தவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

என்னைக் குறை சொல்ல முதல் இந்த நாட்டு வைத்தியத்தையும் பார்க்க வேண்டும். குடும்ப வைத்தியரைக் காண நாள் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்துப் போனால், அவர் கணினியைப் பார்த்தபடி, தண்ணீர் குடி, ஓய்வெடு, பரசிட்டமோல் போடு, ஒரு கிழமையில் சுகமாகாவிட்டால் திரும்பி வா என்பார். அதற்குள் வருத்தம் போய்விடும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு வேலை மிச்சம். நான் என் நோயாளிகளை ஒரு நிமிடம்கூடக் காக்கவைத்ததில்லை.

எண்ணெய் ஊரிலிருந்து வருகிறது. யார் இலங்கைக்குப் போனாலும் திரும்பும்போது எனக்கு இரண்டு போத்தல். காலுறைக்குள் செருகி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதையும் துவாயில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைப்பது முறை. எவ்வளவு சுற்றினாலும் ஒழுகும். என் மச்சான் கொண்டுவந்த பெட்டியை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி திறந்தாராம். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு, போங்கோ போங்கோ என்று கையைக் காட்டினாராம். அந்தமுறை வந்த பருத்தித்துறை வடையை நாங்கள் ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டோம். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு மிகவும் நல்லது.

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்நாட்டுத் தம்பி இருக்கிறார். கணினி வேலை. இந்த விஷயத்தில் அவருக்கு என்னைவிட முற்றின வருத்தம். "சார், உங்க சிலோன் ஆயில் எல்லாம் டூப்ளிகேட். எங்க ஊட்டித் தைலம்தான் ஒரிஜினல்" என்று லிஃப்டில் மறித்துச் சொல்வார். நானும் விடமாட்டேன். "தம்பி, ஊட்டிக்கு அந்த மரத்தைக் கொண்டந்து நட்டது ஆர் எண்டு தெரியுமே?" எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்ற துணிவில் கேட்பதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நாங்கள் நிற்க, லிஃப்ட் தன்பாட்டில் மேலும் கீழும் போய்வரும்.

சரி, மகளுடைய கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பத்து வயது. ஓகஸ்டில்தான் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்குக் குடிவந்தோம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் முதலாம் ஆண்டிலேயே கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். நவம்பர் வந்தும் இவளுக்கு ஒருவரும் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், "பிள்ளை இண்டைக்கு ஆரோடை சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பேன். "எல்லாரோடையும்" என்பாள். எல்லாரோடும் சாப்பிடுகிற பிள்ளை ஒரு பெயராவது சொல்லும். இவள் ஒரு பெயரும் சொன்னதில்லை.

அந்தக் கிழமை வகுப்பை ஒரு மருத்துவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக இருந்தார்கள். துணைக்கு ஒரு பெற்றோர் தேவை என்று செய்தி வந்தது. எனக்கு அன்று லீவு. நான் வருகிறேன் என்று உடனே பதில் போட்டேன். ஆசிரியை மகளை ஒரு நோர்வேஜியப் பிள்ளையோடு சோடி போட்டிருந்தார். அந்தப் பிள்ளை "சரி" என்று சொன்னதாம். அந்த ஒரு "சரி"யை மகள் எனக்கு மூன்று தரம் சொன்னாள்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் இருமத் தொடங்கினாள். இருமின கையோடு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு தூர்" என்றாள். பள்ளிக்கூடப் பயணத்தை அவள் நோர்வேஜியச் சொல்லால்தான் சொல்வாள். "எண்ணெய் பூசக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"சரி சரி, பூசேல்லை."

"மணக்கும், அப்பா. எல்லாரும் கேப்பினம்."

"பூசேல்லை எண்டு சொல்லிப்போட்டன் எல்லே. போய்ப் படுங்கோ."

மூன்று வயதில் ஒரு மாரிக் குளிரில் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சுகமாக்கிவிட்டார்கள். ஆனால் அந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து அவள் ஒருமுறை இருமினால் எனக்கு இரண்டு முறை நெஞ்சு இடிக்கும். மனைவி சொல்லுவாள், "அவளுக்கு ஒண்டுமில்லை, வருத்தம் உங்களுக்குத்தான்." தாதி அல்லவா, சரியாகத்தான் சொல்லுவாள்.

நான் சத்தியத்தை மீறவில்லை. மகள்மேல் ஒரு துளி பூசவில்லை. அவள் காலையில் போடவிருந்த கம்பளி உள்சட்டையில் இரவே பத்துத் துளி விட்டேன், அவ்வளவுதான். நான் சட்டத்தரணியாகப் போயிருக்க வேண்டிய ஆள். சட்டையைக் குளியலறையின் சூடான நிலத்தில் விரித்துவைத்தால் விடிவதற்குள் மணம் பறந்துவிடும், மருந்து மட்டும் தங்கும் என்பது என் விஞ்ஞானம். நோர்வேக்காரர் கம்பளியைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஏன் என்று அடுத்தநாள் விளங்கியது. பிடித்ததை அது விடாது.

மனைவி காலை வேலைக்கு வெள்ளனவே போய்விட்டாள். மகளுக்கு மூக்கடைப்பு, அவளுக்கு ஒன்றும் மணக்கவில்லை. என் மூக்கு அந்த மணத்தோடு குடித்தனம் நடத்துகிற மூக்கு. ஆக, எங்கள் வீட்டில் எல்லாம் சுகம். சுரங்க ரயிலில் ஏறி இரண்டு நிமிடமாகவில்லை, சோடிப் பிள்ளை மூக்கைச் சுருக்கி, "இங்கே ஏதோ மணக்கிறது" என்றாள். மகள் தன் கழுத்துப்பட்டியை இழுத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரொம்சோஸ் நிலையம் மலைக்குள் இருக்கிறது. யன்னலுக்கு வெளியே வெறும் பாறை. அந்தப் பாறையை நான் அவ்வளவு கவனமாக ஒருநாளும் பார்த்ததில்லை.

அருங்காட்சியகத்தில் ஓர் இளம்பெண் வழிகாட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறைக்குக் கூட்டிப்போய் அட்டைப்பூச்சி வைத்த சாடியையும் பல்லுப் பிடுங்கும் குறட்டையும் காட்டினாள். பிள்ளைகள் கத்திக் குளறி மகிழ்ந்தார்கள். அதன்பிறகு ஒரு மண்ணிறப் போத்தலைத் தூக்கினாள். நான் பின்வரிசைக்கு நகர்ந்தேன். அவுஸ்திரேலியாவில் வளருகிற மரத்தின் எண்ணெய், அங்கிருந்துதான் உலகமெல்லாம் போனது என்றாள். சிலோனும் தோற்றது, ஊட்டியும் தோற்றது.

"அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இது இருந்தது. காய்ச்சலுக்கு, இருமலுக்கு, மூட்டுவலிக்கு, எல்லாவற்றுக்கும் இதுதான். கைக்குட்டையில் தெளித்தார்கள், சீனிக்கட்டியில் விட்டு விழுங்கினார்கள், நோயாளியின் அறையில் துணியை நனைத்துத் தொங்கவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழி தெரியாது" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவம் அவர்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்துவிட்டது என்று இவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவளும் காலையில் ஒரு கரண்டி மீன் ஈரல் எண்ணெயைக் கண்ணை மூடி விழுங்கிவிட்டு வந்திருப்பாள். மாரி முழுக்க அதைக் குடிக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சாத்திரம். நாங்கள் பூசினால் மூடநம்பிக்கை, அவர்கள் குடித்தால் விற்றமின். இதைச் சொல்ல எனக்கு வாய் துடித்தது. துடித்ததோடு சரி.

வழிகாட்டி போத்தலின் மூடியைத் திறந்து மணந்துபார்க்கக் கொடுத்தாள். போத்தல் மூன்றாவது கைக்குப் போகமுன், சோடிப் பிள்ளை மகளைக் காட்டி, "இதே மணம்! இவளிடமிருந்துதான் வருகிறது!" என்று கத்தினாள். முழு வகுப்பும் திரும்பியது. வகுப்பில் பாதி எங்களைப்போல எங்கெங்கிருந்தோ வந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவரைச் சுற்றி நின்று பார்க்கும்போது பத்து வயதுக்காரர் எல்லாரும் ஒரே ஊர்.

வழிகாட்டி நல்ல பெண். நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "இன்றைக்கும் வீட்டில் இதைப் பாவிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். என்னையும் பார்த்தாள்.

மகளும் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவேண்டியது இரண்டு வார்த்தை: நாங்கள் பாவிக்கிறோம். அல்லது இன்னும் சுலபமாக, நான்தான் சட்டையில் விட்டேன். லிஃப்டில் அரைமணித்தியாலம் இதைப் பற்றி வாய்கிழியக் கதைக்கிற ஆள் நான். என் ஜாக்கெட் பைக்குள் போத்தலே கிடந்தது. நான் அங்காலே திரும்பி, சுவரில் தொங்கிய மீசைக்கார வைத்தியர் ஒருவரின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தொடங்கினேன்.

முதுகுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. "எங்கள் வீட்டில் இருக்கிறது."

"அப்படியா? அது வேலை செய்யுமா?" என்று கேட்டாள் வழிகாட்டி.

"தெரியாது" என்றாள் மகள். "ஆனால் அதைப் பூசினால் என் அப்பாவுக்குப் பயம் குறையும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சோடிப் பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தாள். தனக்கு இருமல் வந்தால் தாய் வெங்காயத்தை வெட்டிக் கட்டிலடியில் வைப்பாள், அது இதைவிட நாறும் என்றாள். இன்னொரு பிள்ளை தன் வீட்டில் கடுகெண்ணெய் என்றாள். பின்னுக்கு நின்ற ஒருத்திக்கு உள்ளங்காலில் உள்ளிப்பூண்டாம். யார் வீட்டு மருந்து கூடுதலாக நாறும் என்று பெரிய போட்டியாகிவிட்டது. வழிகாட்டியின் பாடம் அத்தோடு முடிந்தது. மதியம் மகள் அந்த நான்கைந்து பேருக்கு நடுவில் இருந்து சாப்பிட்டாள். நான் ஆசிரியையோடு இருந்து சாப்பிட்டேன். உங்கள் மகள் துணிச்சல்காரி என்று ஆசிரியை சொன்னார். ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டேன்.

"பிள்ளைக்குக் கோவமே? சட்டையிலை விட்டது பிழைதான். இனி விடமாட்டன்."

"சட்டைக்கு இல்லை, அப்பா."

"அப்ப?"

"நான் உங்களைத்தான் பாத்தனான். நீங்கள் என்னைத் தெரியாத ஆள் மாதிரித் திரும்பீட்டியள்."

எனக்குச் சரியான வெட்கமாகப் போய்விட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை என்றேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட மனைவி வழக்கம்போல ஏதாவது நக்கல் அடிப்பாள் என்று காத்திருந்தேன். "வீட்டிலை புலி, வெளியிலை எலி" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

பங்குனியில் அடுத்த பயணம் வந்தது. மகளுக்கு இப்போது சொல்வதற்கு நாலு பெயர்கள் இருக்கின்றன. துணைக்குப் பெற்றோர் தேவை என்று பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தபோது, எனக்கு அன்றைக்கும் லீவுதான் என்று சொன்னேன்.

"அம்மா வரட்டும்" என்றாள் மகள், கோபமில்லாமல்.

மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு போனாள். நான் வீட்டில் இருந்தேன்.