மேசைமேல் வைத்த ஏரி

மலைமேல் ஏரிக்கரையை ஒட்டி, ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருக்கும் எங்கள் தேநீர்க்கடையின் மேல்தட்டில், காபித்தூள் டின்களுக்குப் பின்னால், வாயகன்ற ஒரு கண்ணாடி பாட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் அதில் மலைத்தேன் இருந்தது. பிறகு, நான் பள்ளியில் படித்த சில ஆண்டுகள், அதில் ஏரி இருந்தது. இப்போது எதுவும் இல்லை. விடுமுறைக்குச் சேலத்துக் கல்லூரியிலிருந்து மலையேறி வரும்போதெல்லாம் தட்டைத் துடைப்பது என் வேலை. அந்த பாட்டிலை மட்டும் தூக்காமல் சுற்றித் துடைத்துவிட்டு வருவேன்.

அதை எங்களிடம் கேட்டு வாங்கியவர் ஏரிக் குழுவின் தலைவர். மாரமங்கலத்தில் காபியும் மிளகும் பயிரிட்டவர். அந்நாளில் ஏரி எல்லோருக்கும் வேண்டியதாக இருந்தது: படகுக்கு வருகிறவர்களை நம்பிக் கடை வைத்தவர்களுக்கு, விடுதி நடத்தியவர்களுக்கு, கீழே தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு. அவர்களில் பலருடைய கழிவுநீரும் அதில்தான் போய்ச் சேர்ந்தது. பராமரிப்புக்கென்று அரசு ஒதுக்கும் பணம் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பணத்தைக் கரையில் வாழ்பவர்களே கண்காணிக்க வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாதாடி, அந்தக் குழுவை உண்டாக்கியவர் அவர். எங்கள் கடையின் பின்கட்டில்தான் கூட்டம் நடக்கும்.

கூட்டத்துக்கு அவர் ஒரு முறை வகுத்திருந்தார். நான் பள்ளியிலிருந்து திரும்பியதும் பாட்டிலை நீட்டி, “கண்ணு, போயி நம்ம ஏரியக் கூட்டிட்டு வா சாமி” என்பார். நான் படித்துறையில் மொண்டு வந்து மேசையின் நடுவில் வைப்பேன். அது கைக்குக் கை போகும். ஒவ்வொருவரும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். பார்க்காதவர் பேசக் கூடாது. பாசி மிதந்த ஒரு நாள், பழத்தோட்டக்காரர் ஒருவர் பாட்டிலைக் குலுக்கி, “ஏனுங்க தலைவரே, இதுல கொஞ்சம் கேஸ் அடிச்சு வித்தா டூரிஸ்டுக கலர்னு குடிச்சுப்போடுவாங்களாட்ட இருக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல், “சிரிச்சுப் பேசிட்டுப் போறதுக்கு நாம இங்க கூடலீங்க” என்றார். அந்தக் கண்டிப்புக்காகவே என் தகப்பனார், அத்தா, அவரை மதித்தார்.

அந்த மதிப்பில்தான் எங்கள் கடைச் சாக்கடையை அத்தா மூடினார். சரிவில் ஏரியை நோக்கி ஓடிய அந்த வாய்க்காலைக் காட்டி, “நீங்க மொதல்ல அடைங்க பாய். உங்களப் பாத்ததுக்கு அப்பறமும் ஏரியில விடற அந்த விடுதிக் கழிவுக் குழாய நான் அடைக்கலீன்னா, நடுரோட்ல நிக்கவெச்சு என்னயக் கேளுங்க” என்று தலைவர் சொன்னார். மறுநாளே அத்தா கல்லும் சிமெண்டும் வைத்துப் பூசிவிட்டார். அன்றிலிருந்து தேநீர்க் குவளைகள் கழுவிய தண்ணீரையெல்லாம் அம்மா டின்னில் நிரப்பி, கடைக்குப் பின்னால் மேட்டில் வெட்டிய குழிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. “உங்க தலைவரு ஏரியக் கட்டிக்கிட்டாரு. சீர்வரிசை சொமக்கறது மட்டும் நானாக்கும்” என்று முனகுவார். ஆனாலும் சுமந்தார்.

விடுதிக் குழாய் அடைபடவில்லை. அந்தக் கோடையில் ஏரியின் அந்த ஓரம் கரும்பச்சையாகி, காற்று திரும்பினால் கடைக்குள் நாற்றம் வந்தது. தூர் வாருவதற்கும் குழாயை மாற்றிவிடுவதற்கும் பணம் தரலாமா என்று முடிவு செய்ய, கீழேயிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. குழுவில் எல்லோருக்கும் நிம்மதி. நாம் வாயே திறக்க வேண்டியதில்லை, பாட்டில் பேசிவிடும் என்றார் அத்தா.

அன்று நான் வந்தபோது பாட்டில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. “இன்னிக்கு நானே மொண்டாந்துட்டேன் கண்ணு. நீ மேசையில வெச்சாப் போதும்” என்றார் தலைவர். வாங்கியதும் என் விரல்கள் திடுக்கிட்டன. கோடைப் பிற்பகலில் ஏரித் தண்ணீர் வெயிலை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். எத்தனை முறை மொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியும். இதுவோ சில்லென்றிருந்தது. எஸ்டேட் சரிவில், பாறையிடுக்கில், வெயிலே படாமல் கசிகிற சுனையின் குளிர்ச்சி அது. கண்ணாடிக்கு வெளியே வியர்த்திருந்தது. உள்ளே தண்ணீர் பளிங்குபோல் நின்றது.

வழக்கம்போல் அது கைக்குக் கை போனது. பழத்தோட்டக்காரர் வாங்கினார், பார்க்காமலே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அன்று அவரிடம் வேடிக்கைப் பேச்சு இல்லை. விடுதிக்காரர் மட்டும் நிதானமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அத்தா அதைச் சற்று நேரம் பிடித்திருந்தார். தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவர் அதிகாரிக்கு விசிறிக்கொண்டிருந்தார். அதிகாரியின் முறை வந்தபோது, அவருக்குச் சிரமம் தராமல் தலைவரே பாட்டிலைத் தம் கையால் உயர்த்திக் காட்டினார்.

“ஏரி நல்லாத்தானே இருக்கு?” என்றார் அதிகாரி.

“எல்லாம் உங்க தயவுங்க” என்றார் தலைவர்.

அன்று மாலை, ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று அத்தாவிடம் கேட்டேன். “வெளியாளுக்கு முன்னால நம்மாளை எப்படிக் கண்ணு விட்டுக்குடுக்கறது? ஏதோ காரணம் இல்லாமயா செஞ்சிருப்பாரு?” என்றார்.

காரணம் விரைவிலேயே தெரிந்தது. சுத்தமான ஏரியைத் தூர் வார வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தில் கரையில் கோடைக் கொண்டாட்டத்துக்கு ஒரு மேடையும், தலைவர் பெயர் பொறித்த ஒரு வளைவும் எழுந்தன. விடுதிக் குழாய் மேடைக்கு அடியில் மறைந்துபோயிற்று. குழு அதன்பின் கூடவில்லை. என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அவர் ஏமாற்றியது அதிகாரியை; எங்களிடம் அவர் மறைக்கவே முயலவில்லை. குளிர்ந்த பாட்டிலை எங்கள் கைகளிலேயே கொடுத்தார். உணர்ந்தாலும் சொல்லமாட்டார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. எங்கள் மரியாதையைக் கருவியாக எடுத்துக் கையாண்டார்.

அத்தா சாக்கடை வாய்க்காலைத் திறந்துவிடவில்லை. அதைப் பற்றி எவரிடமும் பேசவும் இல்லை. அம்மாவின் டின்கள் மேட்டுக்கு ஏறிக்கொண்டேயிருந்தன.

சென்ற விடுமுறையில் தலைவர் இரண்டு மூன்று பேருடன் கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. “பாய், மறுபடியும் குழுவ ஆரம்பிக்கலாம்னு இருக்கறனுங்க. இவங்களுக்கு நம்ம பழைய முறையக் காட்டோணும். பாட்டில் வெச்சிருக்கீங்கல்ல?” என்றவர் என்னைப் பார்த்தார். “நொம்ப வளந்துட்டியே கண்ணு! போயி நம்ம ஏரியக் கூட்டிட்டு வா சாமி.”

நான் அத்தாவைப் பார்த்தேன். போய் வா என்பதுபோல் அவர் தலையசைத்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, படித்துறையைக் கடந்து, மேடையின் ஓரத்துக்குப் போய் மொண்டேன். திரும்பி வந்து அதை மேசையில் வைக்கவில்லை. தலைவரின் கையில் கொடுத்தேன். சன்னல் அருகிலேயே இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அடுப்படியில் பாலை ஆற்றிக்கொண்டிருந்த அத்தா, திரும்பாமலே கேட்டார்: “வெதுவெதுன்னு இருக்குதுங்களா, தலைவரே?”

தலைவர் பாட்டிலை மேசையில் வைத்தார். வைத்த தேநீரைக் குடிக்காமலே இறங்கிப் போனார்.

அந்தத் தண்ணீரை ஏரியில் கொண்டுபோய் ஊற்றலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் அம்மா வந்து, அதைத் தம் கழிவுநீர் டின்னில் சாய்த்து, மேட்டுக் குழியை நோக்கித் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.