பெல்ஜியக் குட்டையனின் இலக்கம்

அறையில் இருந்தவர்கள் இவர்கள். டொக்டர். டொக்டரின் மனைவி. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த மிஸ். அவருக்குத் துணையாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்த பொலிஸ்காரர். நான். அலுமாரிக்குள் ஜெர்மன்காரர் இரண்டு பேர், பெல்ஜியக்காரர் மூன்று பேர், ஸ்பெயின்காரர் இரண்டு பேர், ஆஸ்திரியாக்காரன் ஒருவன், இத்தாலிக்காரன் ஒருவன்.

அலுமாரிக்குள் இருந்தவர்கள் பிஸ்டல்கள். பழையவை, ஐரோப்பாவில் செய்தவை. ஒரு குண்டு போனால் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் சாதி. இப்போது எதுவும் சுடாது. உள்ளே குண்டைத் தட்டும் ஊசிகளை டொக்டர் எப்போதோ கழற்றி அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். சிலர் முத்திரை சேர்ப்பார்கள். இவர் இதைச் சேர்க்கிறார்.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் முப்பது வருடம் பல் பிடுங்கிவிட்டு ஓய்வாக இருக்கிறார். நான் ஹந்தானையில் தேயிலை ஃபெக்டரி ஃபிட்டராக இருந்தவன். எனக்கும் ஓய்வு. கிழமைக்கு இரண்டு நாள் போய் இவர்களைத் துடைத்து எண்ணெய் போடுவேன்.

போடாவிட்டால் நடக்காது. மலையில் மூட்டம் இறங்கினால் அது அலுமாரிக்குள்ளும் இறங்கும். ஒரு கிழமை விட்டால் ஜெர்மன்காரனுக்கே கன்னத்தில் துரு வரும். தையல் மெசின் எண்ணெய்தான் நல்லது. மடவளையில் ஒரு முஸ்லிம் நானா கடையில் வாங்குவேன். எத்தனை மெசின் ஓடுகிறது என்று நானா ஒரு நாள் கேட்டார். மெசின் ஒன்றும் இல்லை என்றேன். அன்றிலிருந்து நான் அதைக் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

டொக்டர் ஒவ்வொன்றுக்கும் நீளமான பெயர் சொல்வார். எனக்கு வாயில் வராது. நாட்டைச் சொல்லியே கூப்பிடுவேன். ஒரு ஜெர்மன்காரனுக்கு முதுகில் முழங்கால் மாதிரி ஒரு மூட்டு. இழுத்தால் மடங்கி எழும்பும். அவன் முழங்காலன். பெல்ஜியக்காரரில் ஒருவன் உள்ளங்கைக்குள் அடங்குவான். அவன் குட்டையன்.

டொக்டர் முதலில் வாங்கியது குட்டையனைத்தான். மற்றவர்களைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பார். குட்டையனைக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். தன்னை அந்த மனுசன் ஒரு நாளும் இப்படித் தடவியதில்லை என்று அவர் மனைவி என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

மாவட்ட அலுவலகத்தை இங்கே கச்சேரி என்போம். அங்கிருந்து வருடத்துக்கு ஒரு முறை மிஸ் வருவார். கோப்பில் இருக்கும் இலக்கத்தையும் இரும்பில் வெட்டியிருக்கும் இலக்கத்தையும் ஒத்துப் பார்ப்பார். போன வருடம் குட்டையனின் இலக்கம் தெரியவில்லை. தேய்ந்துவிட்டது. தேய்த்தது டொக்டரின் பெருவிரல்தான். நான் சொல்லவில்லை.

மிஸ் சிங்களவர். தமிழ் அளவாகப் பேசுவார். "அடுத்த வருசம் நம்பர் தெரியணும். தெரியாட்டி எடுத்துக்கொண்டு போறது" என்றார்.

அந்த வருடம் முழுக்க டொக்டர் பாடுபட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். டோர்ச் அடித்துப் பார்த்தார். கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு அசிட் விடலாமா என்று நான் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வருடம் மிஸ் வரும் திகதி ஆயுத பூசைக்கு மறுநாள் விழுந்தது. பூசையன்று டொக்டரும் மனைவியும் கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது.

ஃபெக்டரியில் நாங்கள் ரோலருக்குப் பொட்டு வைப்போம். சல்லடைக்கு வைப்போம். கடைசி ஸ்பேனர் வரைக்கும் வைப்போம். ஒன்றை விட்டுவிட்டால் பந்தியில் ஒருவனுக்கு மட்டும் இலை போடாத மாதிரி. நான் கை வைத்து வேலை செய்கிற இரும்பு இப்போது இதுதான். ஆகவே யோசிக்கவில்லை. பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தேன். எல்லோருக்கும் வைத்தேன். குட்டையனுக்குக் கஷ்டகாலம் என்பதால் பக்கம் முழுக்கப் பட்டையாகப் பூசினேன். மேலே குங்குமம். ஆளுக்கு ஒரு செவ்வந்திப் பூ. சாம்பிராணி காட்டினேன். சுண்டலை நானே தின்றுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை டொக்டரும் மனைவியும் வந்து இறங்கவும் மிஸ்ஸின் ஜீப் வரவும் சரியாக இருந்தது. டொக்டர் அலுமாரியைத் திறந்தார்.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, இவையளுக்கு என்ன கலியாணமோ?" என்றார் டொக்டரின் மனைவி.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "இரும்பிலை தண்ணி பட்டா என்ன ஆகும் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியுங்க டொக்டர். ஆனா ஆயுத பூசைங்க."

"இனி நீர் இஞ்சை வர வேண்டாம்."

சரிங்க என்றேன். மிஸ் முதலில் துடைக்கச் சொன்னார். துடைத்துவிட்டே போகலாம் என்று துணியை எடுத்தேன்.

ஒவ்வொருவனாகத் துடைத்துக் கொடுத்தேன். பொட்டு இருந்த இடத்திலெல்லாம் துருவின் செம்புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் டொக்டர் பல்லைக் கடித்தார். மிஸ் இலக்கத்தை வாசிக்க, பொலிஸ்காரர் கோப்பில் சரி போட்டார். கடைசியில் குட்டையன் வந்தான்.

சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். மேலே இருந்தது வந்துவிட்டது. வெட்டுக்குள் இருந்தது வரவில்லை. கறுத்த இரும்பில் மஞ்சளாக இலக்கம் நின்றது.

டொக்டர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கில்தான் இருந்தது.

நான்கு எண் தெளிவு. ஐந்தாவது பாதி. சைபர் என்றார் மிஸ். ஆறு என்றார் பொலிஸ்காரர். கோப்பைப் பார்த்துச் சொல்லக் கூடாது, இரும்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மிஸ் கோப்பை வாங்கி மூடி வைத்தார். கோப்பில் இருப்பது ஆறு. சைபர் என்றால் ஒத்துப்போகாது. குட்டையன் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

நேற்றுக் குழைத்த கிண்ணத்தில் மிச்சச் சந்தனம் இருந்தது. நான் டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"பூசும்" என்றார்.

பூசினேன்.

"நல்லாப் பூசும். பன்னீரையும் விடும்."

காய நேரம் எடுத்தது. டொக்டரின் மனைவி தலைமுடி காயவைக்கும் மெசினைக் கொண்டுவந்தார். டொக்டரே பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ் தேத்தண்ணீர் குடித்தார். எந்தக் கோயில் சந்தனம் என்று பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார். கடைச் சந்தனம் என்றேன்.

காய்ந்தது. துடைத்துக் கொடுத்தேன். மிஸ் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தார். சரித்துப் பார்த்தார்.

"ஆறுதான்" என்றார்.

டொக்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு நேரத்தோடு வந்து துருவை எடுக்கும்படி என்னிடம் சொன்னார். மிஸ் கோப்பைத் திறந்து, வைத்திருக்க அனுமதிக்கப்பட்டவை எத்தனை என்கிற கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது.