கடைசி பஸ்

நாற்பத்தேழு வயதில் குமாஸ்தா வேலையை விட்டு, நாவுல என்ற ஊரில் தனி அறையில் இருந்தபடி கணினி நிரல் எழுதப் பழகினேன். எட்டாவது மாதம் ஒரு நிறுவனம் வேலைக்கான பரீட்சையாக, பஸ் நேரப் பட்டியல் தரும் நிரலைக் கேட்டது. கடைசி நாள் வந்தும் பட்டியலில் ஒரு பஸ் குறைந்தே இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா கொத்தமல்லித் தண்ணீரோடு வந்தார்.

“தம்பி, நாலு நாளா தனியா பேசிக்கிறீங்களே, காய்ச்சலா?”

வரிகளைச் சத்தமாக வாசிப்பது என் பழக்கம். அவருக்கும் விளக்கினேன்.

“இந்த நிரல் முதல் பஸ்ல இருந்து ஒவ்வொண்ணா எழுதும்க்கா. கடைசி பஸ் வந்ததும் நிப்பாட்டிரும்.”

“வந்ததும் நிப்பாட்டினா, அதுல வர்றவங்க என்ன நடந்தா வர்றது?”

அதுதான் பிழை: கடைசி பஸ்ஸைப் பட்டியலில் எழுதுமுன்பே நிரல் நின்றுவிட்டது. திருத்தி அனுப்பினேன், சில நாளில் வேலை கிடைத்தது.

அக்கா வந்த நாளின் டயரியில் பிழையைக் குறிக்கவில்லை. “மாலை 4.10. செல்லம்மாக்கா உட்கார்ந்து கேட்டார்” என்று எழுதினேன். எட்டு மாதத்தில் என் இரண்டாவது கதிரையில் ஒருவர் உட்கார்ந்தது அன்றுதான்.