ஆனி முடிவதற்குள்

குற்றாலத்தில் ஒரு சிறிய வீடு விலைக்கு வந்தது. தென்காசியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல் இருந்த கடனை, வட்டி குறைந்த வேறு வங்கிக்கு மாற்றினால், மேற்கொண்டு ஒரு தொகையும் தருவார்கள். அதை வைத்து குற்றாலத்து வீட்டைக் கிரயம் முடிப்பது என் திட்டம். குறைந்த வட்டி, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். எனவே முதலில் கடன் மாற்றம், பிறகு கிரயம். வீட்டை விற்கும் அண்ணாச்சி, ஆடியில் பத்திரம் பதிய மாட்டேன், ஆனிக்குள் முடியாவிட்டால் கேரளத்துக்காரர் ஒருவர் ரொக்கத்தோடு காத்திருக்கிறார் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லியிருந்தார். நான் காலண்டரில் நாலு நிறத்தில் வட்டம் போட்டு வைத்தேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

வங்கியிலிருந்து வீடு பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், அருவியில் குளிக்கப் போகிறேன் என்று மனைவி விடியுமுன்பே கிளம்பிவிட்டாள். பிளாஸ்கில் காப்பி வைத்திருந்தாள். அதனால் நான் அடுக்களைப் பக்கமே போகவில்லை.

பத்து மணிக்கு ஓர் இளைஞர் வந்தார். வரவேற்பறையை அளந்தார். அடுக்களைக்குள் நுழைந்து நின்றுவிட்டார். அங்கே அடுப்பு இல்லை. உப்பு ஜாடி இல்லை. சாமி படங்கள் இருந்த சுவரில் வெளுத்த சதுரங்கள்தான் இருந்தன.

"சார், இங்கன யாரும் குடியிருக்க மாதிரி தெரியலையே," என்றார்.

அழுக்குத் துணிக்கூடையைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் படம் எடுக்கவில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன். அண்ணாச்சியிடம் சாவி வாங்கி, குற்றாலத்து வீட்டில் விளக்கேற்றிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஆனில இதான் கடைசி முகூர்த்தம். நீங்க பேங்க்கப் பாருங்க, நான் நாளப் பாக்கேன்," என்றாள். அடுப்பை உடனே கொண்டுவரச் சொன்னேன். புது வீட்டில் பால் பொங்கிய அடுப்பைத் திருப்பி எடுத்து வரக்கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் பிளாஸ்கை ஓங்கி வைத்தேன். மூடி உடைந்தது.

வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று அறிக்கை போனது. மறுபடி வந்து பார்க்க ஆடி பிறந்துவிடும் என்றார்கள். அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொல்லி, முன்பணத்தையாவது திருப்பிக் கேட்கலாம் என்று குற்றாலம் போனேன். இருவருமே அந்த வீட்டின்மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தோம்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கேரளத்துக்காரரிடம், பால் காய்ச்சிய அன்று காலையிலேயே இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"ஒங்க வீட்டம்மா வந்து வெளக்கேத்திட்டுப் போயிருக்காக. ஒங்க உப்பு உள்ள இருக்கு. இனி நான் இன்னொருத்தருக்கு எப்படி விப்பேன்? ஆவணில பதிவோம்," என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் காலண்டரில் என் வட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ராத்திரிக்குப் பரோட்டா வாங்கி வரச் சொன்னாள். ஆடி முழுக்க அதையேதான் சொன்னாள்.