காற்றாலையில் கிழக்குத் தேடியது

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது, விடாத தூறல். தங்கை மகள் யாழினி வாங்கிய பழைய காற்றாலையில் குடிபூரலுக்காக, அதாவது புதுமனை புகுவிழாவுக்காக, லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து கென்ட் கடற்கரைக்குப் போயிருந்தேன்.

லண்டனில் வீடா இல்லை? மா அரைத்து, புயலில் இறக்கை முறிந்து, பிறகு புறாவும் கடைசியில் ஒரு கிழவியும் குடியிருந்த கோபுரத்தை ஒரு எஞ்சினியர் வாங்குவாளா? படிகள் ஐம்பத்தெட்டு. மூலை ஒன்றுமில்லை.

"வட்ட வீட்டிலை ஈசான மூலை எங்கை பிள்ளை?"

"கிழக்கு இருக்குத்தானே மாமா," என்றாள். சாமிப் படங்கள் வைக்கும் தட்டைக் கிழக்குச் சுவரில் திருகிப் பூட்டி, பால் காய்ச்ச அடுப்பும் வைத்திருந்தாள்.

என் ஃபோன் திசைகாட்டி அதைத் தெற்கு என்றது.

"படிச்சும் திசை தெரியேல்லை!" என்று முப்பத்தொரு விருந்தினர் முன் ஏளனம் செய்தேன். தட்டைக் கழற்றி வேறு பக்கம் பூட்டவைத்தேன். அவள் கணவன் துளைபோட, பழைய சுண்ணாம்புப் பூச்சு பாளமாக விழுந்தது. யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் காய்ச்சினாள்.

விருந்துக்கு வந்திருந்த, வீட்டை விற்ற ஆங்கிலக் கிழவி, நடுவில் நின்ற இரும்பு அச்சைத் தட்டிக் காட்டினாள். அதன் அருகே எந்தத் திசைகாட்டியும் பொய் சொல்லுமாம். தட்டு முதலில் இருந்த பக்கத்து ஜன்னலில்தான் நாற்பது வருடமாக அவள் சூரிய உதயம் பார்த்தாளாம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பரவாயில்லை மாமா, பால் நல்லாப் பொங்கினதுதானே," என்றாள் யாழினி.

அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஊரார் முட்டாள்தனத்தையே எண்ணிப் பழகியவன், அன்று என்னுடையதை எண்ணினேன். சுவரைத் திரும்பப் பூச நான் கொடுத்தது அறுநூற்று நாற்பது பவுண்.